உயிரியலில் முதுநிலைப் பட்டம்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதி மாணவர்கள் அறிய வேண்டியவை

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழகத்தை ஒட்டிய பகுதிகளில் வாழும் தமிழ் மாணவர்களுக்கு இளநிலை அறிவியல் பட்டத்துக்குப் பின் இரண்டு திசைகளில் வழி உண்டு. மேற்கே சென்றால் கேரளப் பல்கலைக்கழகங்கள். கிழக்கே இறங்கினால் கோவை, மதுரை, தேனி கல்வி நிறுவனங்கள். எந்தத் திசையைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இடஒதுக்கீடு, கட்டணச் சலுகை, பிற்கால அரசுப் பணித் தகுதி ஆகிய மூன்றும் மாறுகின்றன. உயிரியல் துறையில் பட்டங்களின் பெயர்கள் பல என்பதால் குழப்பம் மேலும் கூடுகிறது. முதுநிலைச் சேர்க்கைக்கு முன் மாணவர்களும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்களின் தொகுப்பு இது.

எந்தப் பகுதி, எந்தப் பல்கலைக்கழகம்?

பாலக்காடு மாவட்டத்தின் கலை, அறிவியல் கல்லூரிகள் காலிகட் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டவை. 1968-இல் தொடங்கப்பட்ட இப்பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மலப்புறம் மாவட்டம் தேஞ்ஞிப்பலத்தில் உள்ளது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், அட்டப்பாடி ஆகிய பகுதிகளின் மாணவர்கள் இதன் எல்லைக்குள் வருகின்றனர்.

இடுக்கி மாவட்டக் கல்லூரிகள் கோட்டயத்தில் உள்ள மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகின்றன. இது 1983-இல் தொடங்கப்பட்டது. தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு வட்டங்களில் உள்ள மூணாறு, மறையூர், வட்டவடை, குமுளி, வண்டிப்பெரியாறு பகுதி மாணவர்கள் இங்குப் பயில்கின்றனர்.

தொலைவும் ஒரு முக்கியக் காரணி. பாலக்காட்டிலிருந்து கோவை சுமார் 50 கிலோமீட்டர்தான். தேஞ்ஞிப்பலம் அதைவிட இரு மடங்கு தொலைவு. மூணாறிலிருந்து கோட்டயம் செல்வதைவிடப் போடிநாயக்கனூர் இறங்குவது எளிது. குமுளிக்குக் கம்பமும் உத்தமபாளையமும் அண்டை ஊர்கள். தேயிலை, ஏலத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் விடுதிக் கட்டணமே படிப்பைத் தீர்மானிக்கும் செலவாக இருப்பதால், பலர் தொலைவை மட்டும் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆனால் பேருந்துச் செலவில் மிச்சமாகும் தொகையைவிட, பிற்காலத்தில் இழக்கும் தகுதியின் மதிப்பு அதிகமாகிவிடக் கூடும்.

நான்கு ஆண்டு இளநிலை: என்ன மாறியது?

கேரள மாநிலப் பல்கலைக்கழகங்களில் 2024-25 கல்வி ஆண்டிலிருந்து நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. இதில் மூன்று ஆண்டுகள் முடித்து வழக்கமான இளநிலைப் பட்டத்துடன் வெளியேறலாம். நான்காம் ஆண்டையும் முடித்தால் ஹானர்ஸ் பட்டம் கிடைக்கும். முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதம் மதிப்பெண் பெறுவோர் நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ் பிரிவைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு.

2024-இல் சேர்ந்த முதல் அணியினர் மூன்று ஆண்டுப் பட்டத்தை 2027-இலும், நான்கு ஆண்டுப் பட்டத்தை 2028-இலும் நிறைவு செய்வர். மூன்று ஆண்டுப் பட்டதாரிகளுக்கு முதுநிலைப் படிப்பு இரண்டு ஆண்டுகள். நான்கு ஆண்டுப் பட்டதாரிகள் ஓராண்டு முதுநிலைப் படிப்பு மூலம் அதே தகுதியைப் பெற பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் இடமளிக்கின்றன. மொத்தக் காலம் இரு வழிகளிலும் ஐந்து ஆண்டுகள்தான்.

2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகளின்படி, நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பில் 75 சதவீதம் பெற்றவர்கள் முதுநிலைப் பட்டம் இல்லாமலேயே முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடி உள்ளிட்ட பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. இருப்பினும் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் பணியை இலக்காகக் கொண்டவர்களுக்கு முதுநிலைப் பட்டம் இன்றியமையாதது.

அதே விதிமுறைகள் எம்.ஃபில். பட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்தன. எம்.ஃபில். இனி அங்கீகரிக்கப்பட்ட பட்டம் அல்ல என்றும், மாணவர்கள் அதில் சேர வேண்டாம் என்றும் மானியக் குழு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது.

பட்டத்தின் பெயரே தகுதி

உயிரியல் முதுநிலைப் பட்டங்களை இரு வகையாகப் பிரிக்கலாம். தாவரவியல், விலங்கியல் ஆகியவை மரபான அடிப்படைப் பட்டங்கள். உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், உயிர் இயற்பியல், உயிர்த் தகவலியல், சுற்றுச்சூழல் அறிவியல், வனவிலங்கு உயிரியல் போன்றவை சிறப்புப் பட்டங்கள். பாடத்திட்டத்தில் பல பகுதிகள் பொதுவானவை என்றாலும், வேலைக்கான அறிவிக்கைகள் பட்டத்தின் பெயரை வைத்தே தகுதியை வரையறுக்கின்றன.

மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் பணி இதற்கு முதல் எடுத்துக்காட்டு. கேரளத்தில் மேல்நிலை வகுப்புகளின் உயிரியல் பாடத்தைத் தாவரவியல் ஆசிரியரும் விலங்கியல் ஆசிரியரும் தனித்தனியே கற்பிக்கின்றனர். இப்பணிக்கு உரிய பாடத்தில் முதுநிலைப் பட்டம், பி.எட்., மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்ச்சி ஆகிய மூன்றும் தேவை. தமிழகத்திலும் முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் தாவரவியல், விலங்கியல் என்றே பிரிந்துள்ளன. ஆசிரியராக விரும்பும் ஒருவர் எம்.எஸ்சி. நுண்ணுயிரியலில் சேர்ந்தால், இரு மாநிலங்களிலும் இந்த வாய்ப்பை இழக்க நேரிடலாம்.

இந்திய வனப் பணித் தேர்வு மற்றொரு எடுத்துக்காட்டு. இதற்கு இளநிலைப் பட்டத்தில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றில் ஒன்றையாவது படித்திருக்க வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். உயிரித் தொழில்நுட்பமோ நுண்ணுயிரியலோ இப்பட்டியலில் தனிப் பாடமாக இடம்பெறவில்லை.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணியில் நிலைமை தலைகீழ். 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் உயிரித் தொழில்நுட்பம், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் பட்டங்களைத் தகுதியாகக் குறிப்பிடுகின்றன. தாவரவியலும் விலங்கியலும் அதில் இல்லை.

மருத்துவ ஆய்வகப் பணி குறித்தும் தவறான எண்ணம் பரவலாக உள்ளது. நுண்ணுயிரியல் அல்லது உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தால் அரசு மருத்துவமனையில் ஆய்வக நுட்புநர் ஆகலாம் எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் அப்பணிக்கு மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்தில் தனிப் பட்டயமோ பட்டமோ கோரப்படுகிறது. அதேபோல், பி.எஸ்சி. தாவரவியல் முடித்தவர்கள் எம்.எஸ்சி. வேளாண்மையில் சேர இயலாது. வேளாண் பல்கலைக்கழகங்களின் முதுநிலைப் படிப்புகளுக்குப் பொதுவாக வேளாண்மை, தோட்டக்கலை போன்ற தொழிற்படிப்பில் இளநிலைப் பட்டம் தேவை.

கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான நெட் தேர்வில் வாழ்க்கை அறிவியல் என்ற ஒரே தாள்தான். மேற்கண்ட பட்டங்களைப் பெற்ற அனைவரும் அதை எழுதலாம். எனினும் தாவரவியல் துறையில் காலியிடம் வரும்போது தாவரவியல் முதுநிலைப் பட்டமே கேட்கப்படுகிறது.

கேரளத்தில் உள்ள வழிகள்

காலிகட் பல்கலைக்கழக வளாகத்தில் தாவரவியல், விலங்கியல், வாழ்க்கை அறிவியல், உயிரித் தொழில்நுட்பம் ஆகிய துறைகள் இயங்குகின்றன. தாவரவியல் துறையுடன் இணைந்த தாவரவியல் பூங்கா மேற்குத் தொடர்ச்சி மலைத் தாவரங்களின் ஆய்வுக்குத் துணைநிற்கிறது. வளாகத் துறைகளில் சேரப் பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். இணைப்புக் கல்லூரிகளுக்கோ இளநிலை மதிப்பெண் அடிப்படையில் இணையவழி ஒற்றைச் சாளர ஒதுக்கீடு நடைபெறுகிறது. இரண்டும் வெவ்வேறு விண்ணப்பங்கள். பாலக்காடு நகரில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்கும் அரசு விக்டோரியா கல்லூரி, இம்மாவட்ட அறிவியல் மாணவர்கள் முதலில் நாடும் நிறுவனமாகும்.

மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் உயிரி அறிவியல் பள்ளி உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், உயிர் இயற்பியல் ஆகியவற்றில் முதுநிலைப் படிப்புகளை வழங்குகிறது. சுற்றுச்சூழல் அறிவியலுக்குத் தனிப் பள்ளி உண்டு. இங்கும் வளாகப் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வும், இணைப்புக் கல்லூரிகளுக்கு மதிப்பெண் வழி ஒதுக்கீடும் பின்பற்றப்படுகின்றன.

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீடு, சமுதாய ஒதுக்கீடு ஆகிய பிரிவுகளும் உள்ளன. இவற்றுக்கு ஒற்றைச் சாளரத்தில் பதிவு செய்வதோடு அந்தந்தக் கல்லூரியிலும் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். சுயநிதிப் பிரிவுகளின் கட்டணம் அரசுக் கல்லூரிக் கட்டணத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், ஒதுக்கீட்டு விருப்பப் பட்டியலில் அவற்றைச் சேர்க்கும் முன் கட்டண விவரத்தைச் சரிபார்ப்பது நல்லது.

காசர்கோடு மாவட்டம் பெரியாவில் உள்ள கேரள மத்தியப் பல்கலைக்கழகம் விலங்கியல், தாவர அறிவியல், உயிர்வேதியியல், மரபுத்தொகுதி அறிவியல் முதலிய துறைகளைக் கொண்டது. இதற்கான சேர்க்கை தேசியத் தேர்வு முகமையின் கியூட் முதுநிலைத் தேர்வு வழியே நடக்கிறது. 2015-இல் தொடங்கப்பட்ட பாலக்காடு ஐஐடி-யில் உயிரியல் அறிவியல் மற்றும் பொறியியல் துறை முனைவர் பட்ட ஆய்வுக்கு வாய்ப்பளிக்கிறது.

எல்லைக்குக் கிழக்கே

கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் தாவரவியல், விலங்கியல், உயிரித் தொழில்நுட்பம், உயிர்வேதியியல், உயிர்த் தகவலியல், சுற்றுச்சூழல் அறிவியல் முதலிய துறைகள் உள்ளன. வாளையாறு வழியே கோவைக்குத் தினமும் சென்று வரும் மாணவர்கள் உண்டு.

தேனி மாவட்டக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. மத்திய அரசின் ஆதரவுடன் உயிரித் தொழில்நுட்ப முதுநிலைப் படிப்பை 1980-களின் நடுப்பகுதியில் தொடங்கிய முதல் சில பல்கலைக்கழகங்களில் மதுரையும் ஒன்று. உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி, போடிநாயக்கனூர் ஏலக்காய் விவசாயிகள் சங்கக் கல்லூரி ஆகியவை இடுக்கி மலைப்பகுதிக் குடும்பங்களுக்கு நீண்ட காலமாக அறிமுகமானவை.

வனவிலங்கு உயிரியலில் ஆர்வமுள்ளோருக்கு உதகமண்டலம் அரசு கலைக் கல்லூரி, மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரி ஆகியவை தமிழகத்தில் பெயர்பெற்ற இடங்கள். தேசிய அளவில் டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனமும் பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இத்துறையில் முதுநிலைப் படிப்பை நடத்துகின்றன.

1950-ஆம் ஆண்டும் சாதிச் சான்றிதழும்

எல்லைப் பகுதி மாணவர்களின் சேர்க்கையில் மிகுந்த சிக்கலை உண்டாக்குவது சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதி, பழங்குடிப் பட்டியல்கள் மாநிலவாரியாக வெளியிடப்பட்டவை. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக உள்ள பிரிவினர், மற்றொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கு அந்த மாநிலத்தின் சலுகையைத் தானாகப் பெற முடியாது என உச்ச நீதிமன்றம் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. 2018-இல் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் இந்த நிலைப்பாட்டையே உறுதி செய்தது.

பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வெளியிடப்பட்டது. அதற்கு முன்பே குடும்பம் இப்போதைய மாநிலத்தில் வசித்ததற்கு ஆவணம் இருந்தால் அம்மாநிலத்தின் பட்டியலில் இடம் கோரலாம். பின்னர் குடிபெயர்ந்தவர்களின் வழிவந்தோருக்கு, தந்தையின் பூர்வீக மாநிலத்தை அடிப்படையாகக் கொண்டே சான்றிதழ் வழங்கப்படும். தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்தும் சொந்த நிலமோ வீட்டு ஆவணமோ இல்லாத குடும்பங்களுக்கு 1950-க்கு முந்தைய வசிப்பை மெய்ப்பிப்பது கடினம். தோட்ட நிர்வாகத்தின் பணிப் பதிவேடு, பள்ளிப் பதிவேடு போன்ற பழைய ஆவணங்களே இதற்குத் துணை.

இதனால் ஒரே மாணவர் மூன்று இடங்களில் மூன்று விதமாகக் கருதப்படலாம். கேரளத்தின் பட்டியலில் இடம்பெற்றவர் தமிழகக் கல்லூரியில் விண்ணப்பித்தால் பிற மாநிலத்தவராகப் பொதுப் பிரிவில் வைக்கப்படுவார். தமிழகத்தின் 69 சதவீத இடஒதுக்கீடு அம்மாநிலத்தவருக்கே உரியது. குடிபெயர்ந்தோர் சான்றிதழ் வைத்திருப்பவருக்குக் கேரளத்தின் மாநில ஒதுக்கீடு கிடைக்காது. ஆனால் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடி போன்ற மத்திய நிறுவனங்களில் உரிய சான்றிதழுடன் இருவருமே மத்திய ஒதுக்கீட்டைக் கோரலாம். அங்குப் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் என இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. மாநில ஒதுக்கீடு கிடைக்காத தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தேசிய நுழைவுத் தேர்வுகள் முக்கியமாவது இதனால்தான்.

தேசிய நுழைவுத் தேர்வுகள்

கியூட் முதுநிலைத் தேர்வின் ஒரே மதிப்பெண்ணைக் கொண்டு கேரள மத்தியப் பல்கலைக்கழகம், திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம் முதலியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஜாம் தேர்வில் உயிரித் தொழில்நுட்பத் தாள் எழுதுவோருக்கு ஐஐடி-களின் முதுநிலைப் படிப்புகளும், திருவனந்தபுரம் ஐஐஎஸ்இஆர் போன்ற நிறுவனங்களின் ஒருங்கிணைந்த முனைவர் பட்டப் படிப்பும் திறக்கின்றன. காட்-பி தேர்வு, மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரிக்கும் முதுநிலைப் படிப்புகளுக்கானது. இதில் சேருவோருக்கு மாதாந்திர உதவித்தொகையும் உண்டு.

இத்தேர்வுகளின் அறிவிக்கைகள் பெரும்பாலும் இளநிலை இறுதியாண்டின் நடுவிலேயே வெளியாகின்றன. இறுதிப் பருவத் தேர்வு முடிந்த பின் தேடத் தொடங்குவோர் ஓராண்டை இழக்கின்றனர்.

சான்றிதழ் ஏற்பும் மொழியும்

ஒரு பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்று, வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை சேருவோரிடம் தகுதிச் சான்றிதழும் இடம்பெயர்வுச் சான்றிதழும் கேட்கப்படும். தமிழகத்தில் முதுநிலை முடித்து, கேரள அரசுப் பணிக்கு விண்ணப்பிப்போர், தங்கள் பட்டம் கேரளப் பல்கலைக்கழகங்களால் ஏற்கப்பட்டதா, அறிவிக்கையில் கூறப்பட்ட பட்டத்துக்கு இணையானதா என்பதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். பெயரில் சிறு மாற்றம் உள்ள பட்டங்களுக்கே இதில் தாமதம் அதிகம். எம்.எஸ்சி. விலங்கியல் என்ற பட்டத்துக்கு எழாத கேள்வி, எம்.எஸ்சி. பயன்பாட்டு விலங்கியலுக்கு எழக்கூடும்.

சித்தூர், தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. எனினும் முதுநிலை அறிவியல் பாடங்களும் தேர்வுகளும் இரு மாநிலங்களிலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. தமிழ்வழியில் படித்தவர்கள் இளநிலைக் காலத்திலேயே ஆங்கிலக் கலைச்சொற்களைப் பழகுவது நுழைவுத் தேர்வுகளுக்கும் உதவும்.

உதவித்தொகைகள்

கேரளத்தில் பட்டியல் சாதி, பழங்குடி உள்ளிட்ட பிரிவினருக்கான கல்விக் கட்டணமும் விடுதி உதவியும் இ-கிராண்ட்ஸ் இணையதளம் வழியே வழங்கப்படுகின்றன. முதுநிலைக்குப் பின் நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வாகி ஆய்வில் சேர்வோருக்கு, 2023 ஜனவரி முதல் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வழங்கப்படுகின்றன. தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு இது ஒரு நிலையான வருமானத்துக்கு நிகரானது. 2024 முதல் நெட் மதிப்பெண் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுத்தப்படுகிறது. வாழ்க்கை அறிவியல் நெட் தேர்வுக்கு முதுநிலையில் பொதுப் பிரிவினர் 55 சதவீதமும், பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட பிரிவினர் 50 சதவீதமும் பெற்றிருக்க வேண்டும்.

வீட்டருகே உள்ள ஆய்வுக்களம்

உயிரியல் படிப்பவர்களுக்கு இந்த எல்லைப் பகுதியைவிட வளமான களம் நாட்டில் சிலவே. வரையாடுகளின் புகலிடமான இரவிகுளம் தேசியப் பூங்கா, மழைமறைவுப் பகுதியான சின்னார் சரணாலயம், பெரியாறு, பரம்பிக்குளம் புலிகள் காப்பகங்கள், சோலைமந்திகள் வாழும் அமைதிப் பள்ளத்தாக்கு ஆகியவை இவ்விரு மாவட்டங்களில் உள்ளன. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் மலர்ந்தது. அடுத்து 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழிக்கும் ஊதா நிறத் தவளை, இடுக்கி மாவட்டத்தில் கிடைத்த மாதிரியைக் கொண்டு 2003-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. எஸ்.டி. பிஜு, பிராங்கி போசுயிட் ஆகியோர் அதை விவரித்தனர். அதன் நெருங்கிய உறவுத் தவளைகள் இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன.

ஆய்வு நிறுவனங்களும் அருகிலேயே உள்ளன. திருச்சூர் அருகே பீச்சியில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனமும், இடுக்கி மயிலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனமும், பட்டாம்பியில் நெல் ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இயங்குகின்றன. அட்டப்பாடி எல்லையை ஒட்டிய ஆனைகட்டியில் 1990-இல் தொடங்கப்பட்ட சாலிம் அலி பறவையியல் மையம், தற்போது இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் அங்கமாக உள்ளது. வனப்பகுதியில் கள ஆய்வு செய்ய வனத்துறையின் முன் அனுமதி கட்டாயம். அதற்குக் காலம் பிடிக்கும் என்பதால் முதுநிலை ஆய்வேட்டுக்கான விண்ணப்பத்தை முந்தைய பருவத்திலேயே அளிப்பது நல்லது.

விண்ணப்பிக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

* இலக்காகக் கொண்ட பணியின் பழைய அறிவிக்கையை எடுத்து, அதில் கோரப்பட்ட பட்டத்தின் பெயரைப் பார்க்க வேண்டும்.

* பல்கலைக்கழகத் துறைக்கும் இணைப்புக் கல்லூரிகளுக்கும் தனித்தனி விண்ணப்பம் தேவையா என விளக்கக் குறிப்பேட்டில் உறுதி செய்ய வேண்டும்.

* சாதி, வருமானம், வாழ்விடச் சான்றிதழ்களைச் சேர்க்கைக்குப் பல மாதங்களுக்கு முன்பே பெற்று வைக்க வேண்டும். குடும்பத்தின் பழைய ஆவணங்களைத் தேடத் தொடங்குவதற்கு இளநிலை முதலாண்டே ஏற்ற காலம்.

* தொலைநிலைக் கல்வியில் முதுநிலை அறிவியல் படிக்க விரும்புவோர், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அந்த ஆண்டில் மானியக் குழுவின் அனுமதி உள்ளதா எனவும், செய்முறை வகுப்புகள் எங்கு நடைபெறும் எனவும் கேட்டறிய வேண்டும்.

* மாநில எல்லையைக் கடந்து படிக்கும்போது, படிப்பு முடிந்தபின் எந்த மாநிலத்தில் பணிக்கு விண்ணப்பிக்கப்போகிறோம் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே முடிவு செய்துகொள்வது பிற்காலச் சிக்கலைத் தவிர்க்கும்.